மழுங்கின கத்தி

கத்தியைப் பற்றிக் கட்டுரை எழுத முன்வருகிறவன், யுத்தத்தைப் பற்றியாவது சமையலைப் பற்றியாவது எழுதுவான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் எழுதப் போவது இரண்டையும் பற்றியல்ல. எழுபது பிராயத்தைத் தொட்ட கிழவன் ஒருவன், வீட்டுக் கூடத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டு, பாம்பன் பாலத்தின் தூக்கும் பகுதியை நூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யத் தொடங்கினான். அதற்குத் தக்க கத்தி எதுவென்று தேடினான். தேடிய இடமெல்லாம் தவறு செய்தான். அந்தத் தவறுகளில் ஒன்று, ஒரு பையனுடைய விரலில் போய் முடிந்தது.

அந்தக் கிழவன் அடியேன்தான். விரல் என் பேரனுடையது. உண்மையை என் வீட்டாரிடம் சொல்வதற்கே எனக்கு எட்டு மாதம் பிடித்தது. நேயர்களிடமும் சொல்லிவிட்டால் மிச்சமுள்ள பாரமும் இறங்கிவிடும் என்று நம்புகிறேன். போகிற போக்கில், சிறு மாதிரிகள் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கத்தி வாங்கும் விஷயத்தில் சில யோசனைகளும் கிடைக்கக்கூடும்.

* * *

என் தகப்பனாருக்கு ரயில்வேயில் உத்தியோகம். நான் பிறந்து வளர்ந்தது மண்டபத்தில். 1914-ஆம் வருஷம் திறக்கப்பட்ட அந்தப் பாலம், கடல்மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டு செல்வது. அதன் நடுவே கப்பல் போவதற்காகத் தூக்கும்படியான ஒரு பகுதி உண்டு. ஷெர்ஸர் என்னும் அமெரிக்க எஞ்ஜினீயர் கண்ட முறை அது. பாலத்தின் இரு கைகளும் கதவைப் போல் கீலில் திரும்புவதில்லை. வளைந்த பாதத்தின்மேல், ஆடும் நாற்காலியைப் போல, பின்பக்கமாக உருண்டு மேலே எழும்பும். ஆட்கள் நின்று தண்டுகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வர, அந்த இரும்புக் கைகள் ஆகாயத்தை நோக்கி மெல்ல மெல்ல உயருவதைத் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன்.

1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் வீசிய புயலை அந்தப் பிரதேசத்தார் யாரும் மறக்கமாட்டார்கள். தனுஷ்கோடி ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. ஆனால் அந்தத் தூக்கும் பகுதி மட்டும் நின்றது. பாலம் முழுவதையும் 46 நாட்களில் திரும்பக் கட்டி முடித்தார்கள். எனக்கு அப்போது வயது ஒன்பது. "நின்றது பார்த்தாயா?" என்று தகப்பனார் பிறகு பல வருஷங்கள் சொல்லிக்கொண்டிருந்தார், தாமே அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் போல.

2022-ஆம் வருஷம் டிசம்பருக்குப் பிறகு அந்தப் பாலத்தின்மேல் ரயில் ஓடவில்லை. பக்கத்திலேயே புதிய பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஓய்வு பெற்ற பாலத்தினிடம் அநுதாபம் உண்டாவது இயற்கைதானே? புதிய பாலம் வேகமாக எழும்பி வருகிறது என்று கேள்விப்பட்ட காலத்திலேயே, பழையதைச் சிறு மாதிரியாகச் செய்து கூடத்தில் வைப்பது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் பகுதி இரண்டடிக்குச் சற்று அதிகமான நீளம் வரும். அதற்கு அரை மில்லிமீட்டர் கனமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு மிகவும் உகந்தது. தகடு வாங்குவதில் கஷ்டமில்லை. ஆனால் பாலம் என்பது ஒரே பலகையன்று. குறுக்கும் நெடுக்குமாக இரும்புச் சட்டங்கள் பின்னிய பின்னல் அது. அந்தப் பின்னலுக்காக இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் நூற்றுக்கணக்கான பட்டைகளைத் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கவேண்டும். ஒன்று ஒரு மயிரிழை அகலம் கூடினாலும், பக்கத்திலுள்ளது அதைக் காட்டிக் கொடுத்துவிடும். இங்கேதான் கத்தி வந்து சேர்ந்தது.

* * *

என் தகப்பனார் ஒரு க்ஷவர பிளேடை எத்தனை நாள் உபயோகித்தார் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கண்ணாடித் தம்ளரின் உட்பக்கத்தில் அந்த பிளேடை விரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து அதன் ஆயுளை நீட்டுவார். இனித் தேய்த்தாலும் பயனில்லை என்று ஆனபிறகு, அதைக் காகிதத்தில் மடித்து நீளவாட்டில் இரண்டாக முறித்து, ஒரு பாதியை எனக்குப் பென்சில் சீவக் கொடுப்பார். மற்றொரு பாதி தாயாரின் தையல் பெட்டிக்குப் போகும். ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1904-ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றது, உபயோகித்துவிட்டு எறியவேண்டிய பிளேடுக்கு என்பதை நான் பின்னால்தான் படித்தேன். எங்கள் வீட்டில் பிளேடை எறிந்ததாக எனக்கு நினைவில்லை.

இந்தச் சிக்கன புத்தி எனக்குத் தகப்பனார் வழியில் வந்த ஆஸ்தி. ஆகையால் முதல் பட்டையை நான் வெட்ட முயன்றது பாதி பிளேடால்தான். அது வளைந்தது. பென்சிலுக்கு நேராய்ப் போன பிளேடு, இரும்பு ஸ்கேலின் ஓரமாய்ப் போகும்போது பாம்பைப் போல் நெளிந்தது. மெல்லிய பிளேடுக்குக் கூர் உண்டு, முதுகெலும்பு இல்லை. பால்ஸா என்ற இலேசான மரத்தை நறுக்குவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று பிற்பாடு கண்டேன். அந்த மரத்தைத் தடித்த கத்தியால் குறுக்கே வெட்டினால் நார் நசுங்கிப்போகும். மெல்லிய பிளேடால் வெட்டினால் வெட்டிய முகம் வழவழவென்றிருக்கும். ஆனால் பிளாஸ்டிக் தகடு மரம் அன்று.

அடுத்தபடியாகச் சமையலறைக் கத்தியை எடுத்தேன். அது தர்மபத்தினியின் ராஜ்யத்தைச் சேர்ந்த பொருளானபடியால், அந்தப் பரிசோதனை நெடுநேரம் நீடிக்கவில்லை.

மூன்றாவதாக, காகிதக் கடையில் விற்கும் முறிக்கும் கத்தியை வாங்கினேன். பிடிக்குள்ளிருந்து கட்டைவிரலால் தள்ளத் தள்ள வெளியே வருமே, குறுக்குக் கோடுகள் போட்ட நீண்ட அலகு, அதுதான். இதற்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு. ஜப்பானில் ஓஸகா நகரத்தில் ஓகாடா யோஷியோ என்பவர் அச்சுக்கூடத்தில் காகிதம் வெட்டும் வேலை செய்துவந்தார். பிளேடின் இரண்டு மூலைகளும் மழுங்கினவுடனே நடுப்பகுதி வீணாவதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டின் முனை மழுங்கியதும் அதை உடைத்துப் புதுமுனை உண்டாக்கிக்கொள்வதையும், அமெரிக்கச் சிப்பாய்கள் சாக்லேட்டுப் பாளத்தைக் கோட்டுக்குக் கோடு முறித்துத் தின்பதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தார். 1956-ஆம் வருஷத்தில் அந்தக் கத்தி பிறந்தது. முறிக்கும் அலகு என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்களிலிருந்தே 'ஓல்பா' என்ற பெயரும் வந்தது.

ஆகவே அந்தக் கத்தியும் ஒரு சிக்கனக்காரரின் சிருஷ்டிதான். ஆனால் அவருடைய சிக்கனத்திற்கும் என்னுடைய சிக்கனத்திற்கும் ஒரு பேதம் இருந்தது. முனை மழுங்கினால் முறித்தெறிந்து மிச்சத்தைக் காப்பாற்றவேண்டும் என்பது அவருடைய கொள்கை. முனையையே காப்பாற்றவேண்டும் என்பது என்னுடையது. நான் வாங்கிய கத்தியில் பத்துக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தன. ஆறு மாதத்தில் ஒன்றைக்கூட நான் முறிக்கவில்லை. முறித்தால் குறைந்துபோகுமே!

* * *

இதற்கிடையில் நண்பர் ஒருவர், "விமானம், கப்பல் மாதிரிகள் செய்கிறவர்கள் எல்லாம் பதினோராம் நம்பர் அலகைத்தான் உபயோகிக்கிறார்கள்" என்று காதில் போட்டார். நான் பாரிமுனைக்குப் போய், பேனாவைப் போன்ற உலோகப் பிடியுள்ள கைவினைக் கத்தி ஒன்று வாங்கினேன். அமெரிக்காவில் 'எக்ஸ்-ஆக்டோ' என்ற பெயரில் பிரசித்தமான ஜாதி. பிடியின் வாய் நான்காகப் பிளந்திருக்கும். அலகைச் செருகித் திருகினால் வாய் இறுகிக் கவ்விக்கொள்ளும். பிறகு, ரண சிகிச்சைக் கருவிகள் விற்கும் கடைக்குப் போய், "பதினோராம் நம்பர் கொடுங்கள்" என்று கேட்டு, காகித உறைகளில் அடைத்த நூறு அலகுகளை மலிவாக வாங்கிக்கொண்டு, பெரிய சாமர்த்தியசாலியாக வீடு திரும்பினேன்.

பொருந்தவில்லை! கைவினைக் கத்தியின் பதினொன்று வேறு, ரண சிகிச்சைக் கத்தியின் பதினொன்று வேறு. இரண்டும் முக்கோணமாய், முனை கூராய், பார்வைக்குச் சகோதரர்களைப் போல இருக்கின்றன. ஆனால் வைத்தியரின் அலகில் நடுவே ஒரு துவாரம் இருக்கிறது. அது தனக்கென்று செய்த தட்டையான பிடியின்மேல்தான் ஏறி உட்காரும். அந்தப் பிடிக்கு நம்பர் மூன்று. பத்திலிருந்து பதினைந்து வரையுள்ள சிறிய அலகுகள் அதில் பொருந்தும். இருபதுக்கு மேற்பட்ட பெரிய அலகுகளுக்கு நான்காம் நம்பர்ப் பிடி வேண்டும். மறுநாள் மூன்றாம் நம்பர்ப் பிடி வாங்குவதற்காகத் திரும்பவும் பஸ் ஏறினேன். சிக்கனத்தில் பஸ் செலவு சேர்க்கப்படவில்லை.

இப்படியாக என் மேஜையில் மூன்று கத்திகள் சேர்ந்தன. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குப் புலப்பட்டது இது: வைத்தியர் கத்தியின் அலகு மிகவும் மெல்லியது, கூர் மிகவும் அதிகம். வளைந்த ஓரத்தையும் நுண்ணிய மூலையையும் அது செதுக்குகிற அழகே தனி. ஆனால் அதைப் பக்கவாட்டில் நெம்பினால் படீரென்று ஒடிந்து தெறிக்கும். ஆகையால் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் அதை எடுக்கலாகாது. அலகை மாட்டவும் கழற்றவும் சிறு குறடு வேண்டும். வெறும் விரல் உதவாது. கைவினைக் கத்தி அதைவிடச் சற்றுத் தடிப்பு, சற்றுப் பொறுமைசாலி. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் விமானங்களின் உறுப்புகளைச் சட்டத்திலிருந்து வெட்டுக் குறடால் நறுக்கிய பிறகு, மிச்சம் நிற்கும் முளையைச் சீவுவதற்கு அதுவே ஏற்றது. அச்சில் வார்த்த கோட்டை அலகை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி எடுப்பதற்கும் அதுவே. முறிக்கும் கத்தியோ, ஸ்கேலின் ஓரமாய் நீண்ட நேர்கோடு இழுப்பதற்குப் பிறந்தது. மெல்லிய தகட்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர் அகலமும், தடித்த அட்டைக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் அகலமும் தக்கவை.

ஆக, என் பட்டைகளுக்கு வேண்டிய கத்தி என்னிடமே இருந்தது. குற்றம் கத்தியில் இல்லை.

* * *

2025 மே மாதம் கோடை விடுமுறைக்குப் பேரன் வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வயது. ஏற்கெனவே இரண்டு மூன்று விமானங்களைப் பசை போட்டு ஒட்டிப் பழகியவன். பாலத்தைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. முன் தலைமுறைக்கும் பின் தலைமுறைக்கும் நடுவே இரண்டடி நீளத்தில் ஒரு பாலம் கிடைத்துவிட்டது என்று நான் உள்ளூரப் பூரித்தேன்.

"தாத்தா, அந்த வெள்ளிக் கத்தியை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று வைத்தியர் கத்தியைக் காட்டிக் கேட்டான்.

"கூடவே கூடாது. அது பயங்கரக் கூர். குழந்தை கையில் கொடுக்கிற வஸ்துவா அது?" என்று சொல்லி, ஆறு மாதமாக முறிக்காத கத்தியை அவன் கையில் கொடுத்தேன். மழுங்கின கத்தி ஆபத்தில்லாதது என்பது என் எண்ணம். அன்பினால்தான் அப்படிச் செய்தேன்.

அரைமணி நேரம் அவன் வெட்டினான். "தாத்தா, போகமாட்டேன் என்கிறது" என்று ஒரு தடவை சொன்னான். "அழுத்திப் பிடி" என்றேன், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே.

அழுத்தினான். அழுத்தின கத்தி தகட்டில் இறங்காமல், மெல்லிய ஸ்கேலின் மேலேறி வழுக்கி, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்த இடது கை ஆள்காட்டி விரலில் பாய்ந்தது.

மூன்று தையல் போட்டார்கள். பையன் அழவில்லை. தையல் போட்ட டாக்டர், வாலிபர், காயத்தைக் கழுவிக்கொண்டே, "எதனால் வெட்டிக்கொண்டாய்?" என்று கேட்டார். சொன்னான். "நல்ல பலத்தோடு அழுத்தினாய் போலிருக்கிறதே! கூரான கத்தியும் வெட்டத்தான் செய்யும். ஆனால் இது வழுக்கி வந்து கிழித்த காயம். ஓரம் பிய்ந்திருக்கிறது, பார்" என்றார். யாரைப் பார்த்தும் அவர் சொல்லவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டிற்குத் திரும்பியபோது என் மகள் வாசலிலேயே நின்றாள். "எப்படி அப்பா நேர்ந்தது?" என்று கேட்டாள்.

நேயர்களே, நான் இதுவரை எழுதியதெல்லாம் இந்த ஓர் இடத்துக்கு வருவதற்குத்தான். நான் சொன்ன பதில் இது: "பையன் அவசரப்பட்டுவிட்டான், அம்மா. கத்தி பிடிக்கும்போது கவனம் வேண்டாமா?"

பேரன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அழுத்தச் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போய்விட்டான்.

* * *

அவன் ஊருக்குப் போனபிறகு ஒரு நாள், என் தர்மபத்தினி அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேச்சோடு பேச்சாக, "இத்தனை வருஷத்தில் நீ எத்தனை தடவை கையை வெட்டிக்கொண்டிருப்பாய்?" என்று கேட்டேன்.

"சாணை பிடிக்கிறவன் வந்துவிட்டுப் போன வாரத்தில் வெட்டிக்கொண்டதே கிடையாது. அவன் மாதக்கணக்கில் வராமல் இருந்தால் வெட்டிக்கொள்வேன்" என்றாள். சற்று யோசித்து, "சாணை பிடித்தவுடனே மனசில் ஒரு பயம் இருக்கும். பார்த்துப் பார்த்து நறுக்குவேன். மழுங்கினால் பயம் போய்விடும். காயோடு மல்லுக்கட்டும்போதுதான் கை தவறும்" என்று சொன்னாள். பிறகு நறுக்குவதை நிறுத்தாமலே, "குழந்தைக்கு எந்தக் கத்தியைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டாள்.

அரிவாள்மணையில் அலகு அசைவதில்லை. காய்தான் அலகை நோக்கிப் போகிறது. அன்றைக்கு அவள் கேள்வியும் அப்படித்தான் அமைந்தது. நான்தான் அதன்மேல் போய் விழுந்தேன். நடந்ததைச் சொன்னேன். "என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள்.

அன்றிலிருந்து கத்தி விஷயத்தில் என் வழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேன். அவற்றை இங்கே சொல்வது உபதேசத்திற்காக அல்ல. பிராயச்சித்தத்தின் ஒரு பகுதியாக.

கத்தி வாங்கப் போகிறவர்கள் அலகின் விலையைப் பார்க்கவேண்டாம், பிடியைப் பாருங்கள். ஜில்லெட் க்ஷவரக் கத்தியில் செய்ததும், 1915-இல் பார்க்கர் என்பவர் ரண சிகிச்சைக் கத்தியில் செய்ததும், ஓகாடா காகிதக் கத்தியில் செய்ததும் ஒரே காரியந்தான். நிலைத்திருக்கவேண்டிய பிடியையும், செலவாகவேண்டிய கூரையும் அவர்கள் வேறு வேறாகப் பிரித்தார்கள். அவர்கள் பிரித்து வைத்ததை நாம் மனத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, 'கத்தி வாங்கியாயிற்று' என்று இருந்துவிடுகிறோம். அலகு என்பது விளக்குக்கு எண்ணெய் மாதிரி. பிடிக்குத் தாராளமாய்ச் செலவிட்டு, அலகைப் பெட்டி பெட்டியாக மலிவில் வாங்கவேண்டும். முறிக்கும் கத்தியானால், கடையிலேயே இரண்டு துண்டு நீளத்திற்கு அலகை வெளியே தள்ளி, மேஜையில் முனையை ஊன்றி இலேசாக அசைத்துப் பாருங்கள். அலகு ஆடினால் அந்தப் பிடி வேண்டாம். பிடியில் ஆடுகிற அலகு கோட்டில் நில்லாது.

கரி எஃகு அலகு கூரில் உயர்ந்தது; ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு சற்று விரைவில் மழுங்கும். சென்னையைப் போன்ற கடற்கரை ஊரில் இருப்பவர்கள், கரி எஃகு அலகை உறையிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிக்கவேண்டும். பெட்டியைத் திறந்து கொட்டி வைத்தால், மழைக்காலம் முடிவதற்குள் அலகுகள் செம்மண் நிறமாகிவிடும்.

ஸ்கேல் எஃகினால் ஆனதாகவும் தடித்ததாகவும் இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்கேலையும் அலுமினிய ஸ்கேலையும் கத்தி செதுக்கிவிடும். மெல்லியதன் மேல் ஏறிவிடும். அடியில் வெட்டும் விரிப்பு ஒன்று அவசியம். வெறும் மேஜைப் பலகை கூரைக் கெடுக்கும், மேஜையும் கெடும். பிடிக்கிற கையின் விரல்கள் ஸ்கேலின் ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பிளாஸ்டிக் தகட்டை வெட்டவே வேண்டியதில்லை என்பது. கத்தியின் பாரமே போதும் என்று எண்ணி, இரண்டு மூன்று தடவை இலேசாகக் கீறிவிட்டு, தகட்டை மடித்தால், கீறின கோட்டில் கண்ணாடியைப் போல 'சடக்' என்று முறிந்துவிடும். ஓரம் நேராய் இருக்கும். அழுத்த வேண்டும் என்று தோன்றுகிற அந்தக் கணமே, அலகை மாற்ற வேண்டும் என்பதற்கு அறிகுறி. அதற்கு முன்பே தெரிந்துகொள்ள விரும்பினால், செய்தித்தாளின் ஓரத்தை இழுத்துப் பாருங்கள். நல்ல அலகு சத்தமின்றி இறங்கும். மழுங்கினது காகிதத்தைப் பிய்க்கும். என் அநுபவத்தில் இருபது பட்டைக்கு ஒரு துண்டு கணக்காகிறது. அதாவது இரண்டு பட்டை பாழானால் உண்டாகும் நஷ்டத்தைவிடக் குறைவு.

முறித்த துண்டுகளைக் குப்பையோடு போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிக்கிறவர்களும் மனிதர்கள்தாம். மூடி இறுகின பழைய பவுடர் டப்பா ஒன்றில் சிறு பிளவு செய்து அதில் போட்டுவாருங்கள். என் டப்பா இப்போது ஆட்டினால் சலங்கை மாதிரி சத்தம் போடுகிறது.

* * *

இவ்வளவையும் கற்றுக்கொண்டு, பாலத்தின் ஒரு கையை நான் முடித்துவிட்டேன். மற்றொரு கையைப் பேரன் வந்து செய்யட்டும் என்று பட்டைகளை வெட்டாமல் வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு அவர்கள் வந்தார்கள். பையன் பாலத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், நன்றாயிருக்கிறது என்றான். மேஜைப் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை. "நான் வேண்டாம், தாத்தா. எனக்குக் கவனம் போதாது" என்றான்.

என் மகள் அருகிலிருந்து, "அவன் அதற்கப்புறம் ஒன்றுமே செய்வதில்லை, அப்பா. பிறந்தநாளுக்கு வந்த விமானப் பெட்டிகூடப் பிரிக்காமல் இருக்கிறது" என்றாள்.

விரலில் இருந்த தழும்பு அநேகமாக மறைந்துவிட்டது. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மறையவில்லை. அது எட்டு மாதமாய் அவனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் தகப்பனார் பிளேடைச் சேர்த்துவைத்தார்; நான் என் கௌரவத்தைச் சேர்த்துவைத்தேன். இரண்டிலும் செலவு வேறொருவருடையது.

அலமாரியிலிருந்து அந்தப் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். அலகு அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. ஒரு துண்டும் முறிக்கவில்லை. மகளுக்கு எதிரில் ஒரு செய்தித்தாளை நீட்டி அதால் இழுத்தேன். காகிதம் கந்தலாய்க் கிழிந்தது.

"இவன் கவனக்குறைவு ஒன்றுமில்லை, அம்மா. இந்தக் கத்தியைக் கொடுத்தவன் நான். போகவில்லை என்று இவன் சொன்னான். அழுத்து என்றவனும் நான். வாசலில் நீ கேட்டபோது நான் பொய் சொன்னேன்" என்றேன்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றிருந்ததை நான் கவனித்தேன். என் மகள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையைப் பார்த்து, "ஏண்டா, நீயாவது என்னிடம் சொல்லக்கூடாதா?" என்றுதான் கேட்டாள்.

"தாத்தா சொல்லுவார் என்று நினைத்தேன்" என்றான் அவன்.

நான் குறடால் அலகின் முனையைப் பிடித்து, கீழ்நோக்கிச் சாய்த்து, கோட்டில் வளைத்தேன். 'டக்' என்று முறிந்தது. டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன். துண்டை அவனே எடுத்துப் போடக் கை நீட்டினான். "விரலால் வேண்டாம், குறடால்" என்றேன். சிரித்துவிட்டான்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் பட்டைக்கு வெகு நேரம் பிடித்தது. கை சிறிது நடுங்கிற்று. நான் பத்திரிகையைக் கையில் எடுக்கவில்லை. மூன்று கீறலில் தகடு முறிந்து, இரண்டு மில்லிமீட்டர்ப் பட்டை ஒன்று நேராக அவன் உள்ளங்கையில் விழுந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். என்னுடைய பட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாவிட்டாலும் எனக்கே தெரிந்தது, அவனுடையதுதான் நேர்.

இரண்டாவது கையும் இப்போது முடிந்து, கூடத்தில் பாலம் நிற்கிறது. கைகளைத் தூக்கலாம், இறக்கலாம். பிறந்தநாள் விமானப் பெட்டியையும் பிரித்துவிட்டதாக மகள் டெலிபோனில் சொன்னாள். அத்துடன் பேரன் எனக்கு ஒரு செய்தியும் சொல்லியனுப்பினான்: இருபது பட்டைக்கு ஒரு துண்டு போதாதாம். பதினைந்துக்கே மாற்றவேண்டுமாம்.

என் தகப்பனார் இருந்தால் என்ன சொல்லுவாரோ! நான் சரி என்று சொல்லிவிட்டேன்.